கோப்பில் எண், ஊரில் பெயர்: அமெரிக்கக் கதிரியக்கச் சோதனைகளும் அரசு ஏற்ற பொறுப்பும்

1992ஆம் ஆண்டு. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் இத்தாலி என்றொரு சிற்றூர். அதன் நகராட்சி அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் ஐலீன் வெல்சம். நியூ மெக்சிகோவில் வெளியான ‘ஆல்புகர்க்கி டிரிபியூன்’ என்ற மாலைப் பத்திரிகையின் நிருபர். தேடும் ஆளின் பெயர் அவருக்கே தெரியாது. கறுப்பினத்தவர், இருந்தால் எண்பது வயதை ஒட்டியிருக்கும், இடது காலை எடுத்துவிட்டார்கள். கையில் இருந்த விவரம் இவ்வளவுதான். சின்ன ஊர் என்பதால் மறுமுனைக்கு இதுவே போதுமாயிருந்தது. எல்மர் ஆலனைத்தான் கேட்கிறீர்கள் என்று பதில் வந்தது. அவர் முந்தைய ஆண்டே இறந்திருந்தார்.

அரசு ஆவணங்களில் அவருடைய பெயர் ‘கால்-3’. ஆங்கிலத்தில் கலிபோர்னியாவின் முதல் மூன்று எழுத்தும் ஒரு வரிசை எண்ணும் சேர்ந்தது. காலை இழந்த மனிதரின் குறியீடு தமிழில் எழுதும்போது இப்படி வந்து விழுகிறது. நான் தேடிச் செய்ததில்லை.

எல்மர் ஆலன் ரயிலில் போர்ட்டர் வேலை பார்த்தவர். 1946இல் ரயிலிலிருந்து விழுந்து முழங்காலில் அடிபட்டது. வலி அடங்கவில்லை. சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழக மருத்துவமனையில் எலும்புப் புற்றுநோய் என்றார்கள். 1947 ஜூலை 18 அன்று அவருடைய இடது கெண்டைக்காலில் ஓர் ஊசி போட்டார்கள். உள்ளே போனது புளூட்டோனியம். மூன்று நாள் கழித்துத் தொடையோடு காலை வெட்டியெடுத்து, திசுவை ஆய்வுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவர் 44 ஆண்டுகள் வாழ்ந்தார். தன்னைச் சோதனை எலியாக்கிவிட்டார்கள் என்று அவர் அவ்வப்போது சொன்னதுண்டு. நம்ப ஆளில்லை.

வெல்சம் இந்த விஷயத்துக்குள் வந்தது தற்செயலாக. 1987இல் ஒரு விமானப்படைத் தளத்தின் கழிவுக் கிடங்குகளைப் பற்றி, அதாவது கதிரியக்கச் சோதனைக்கு ஆளான விலங்குகளின் உடல்களைப் புதைத்த இடங்களைப் பற்றி, ஆவணங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். அதில் ஓர் அடிக்குறிப்பு, 18 மனிதர்களுக்குப் புளூட்டோனியம் செலுத்தப்பட்டதாகச் சொன்னது. விலங்குகளை விட்டுவிட்டு மனிதர்களைத் தேடத் தொடங்கினார். எண்களுக்குப் பின்னால் இருந்தவர்களில் ஐந்து பேரை அடையாளம் காண ஆறு ஆண்டுகள் ஆயின. 1993 நவம்பரில் மூன்று நாள் தொடராக அது அச்சேறியது. அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசும் கிடைத்தது.

அதன்பின் அமெரிக்க அரசு செய்தவை பல. அதிபர் மன்னிப்புக் கேட்டார், குழு அமைத்தார், பணமும் கொடுத்தார்கள். தன் குடிமக்கள்மீது தான் நடத்திய சோதனைகளைப் பற்றி இந்த அளவு ஆவணங்களைத் தானே வெளியிட்ட அரசுகள் குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும். இருந்தும் இழப்பீடு ஒரு கையளவு குடும்பங்களுக்கே போனது. தண்டனை யாருக்கும் இல்லை. ஏன் இப்படி முடிந்தது என்று தேடினால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறோம்: கோப்பு யார் கையில் இருந்தது என்ற இடத்தில்.

ஊசி எதற்கு

புளூட்டோனியத்தை பெர்க்லியில் கிளென் சீபோர்க் குழுவினர் கண்டுபிடித்தது 1940-41 குளிர்காலத்தில். மூன்று ஆண்டுகளில் அதை அணுகுண்டுக்காகத் தொழிற்சாலை அளவில் உற்பத்தி செய்யத் தொடங்கினார்கள். இந்தப் பொருள் உடம்புக்குள் போனால் என்ன ஆகும் என்று எவருக்கும் தெரியாது. தெரிந்ததெல்லாம் ரேடியம் பெண்களின் கதை. 1920களில் கடிகார முகப்புகளில் ரேடியச் சாயம் பூசிய பெண்கள், தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கியே தாடை அழுகிச் செத்தார்கள். புளூட்டோனியமும் ரேடியத்தைப் போலவே ஆல்ஃபா துகள்களை உமிழ்வது. இந்தத் துகளைத் தோலே தடுத்துவிடும். ஆனால் உள்ளே போய் எலும்பிலும் ஈரலிலும் படிந்துவிட்டால் அருகிலுள்ள செல்களைத் தாக்கிக்கொண்டே இருக்கும். புளூட்டோனியம்-239இன் அரை ஆயுள் சுமார் 24,000 ஆண்டுகள். ஒரு மனிதனின் ஆயுளுக்குள் அது தீர்ந்துபோகும் பேச்சே இல்லை.

1944 ஆகஸ்ட் 1 அன்று, அணுகுண்டை வடிவமைத்துக்கொண்டிருந்த லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ஓர் இளம் வேதியியலாளர் கையில் இருந்த கண்ணாடிக் குப்பி வெடித்தது. அதில் இருந்த 10 மில்லிகிராம் புளூட்டோனியத்தில் ஒரு பகுதி அவர் வாய்க்குள் போய்விட்டது. இரைப்பையைக் கழுவி எடுத்தார்கள். கழுவிய நீரிலிருந்து புளூட்டோனியத்தை மீட்டெடுக்கும் வேலையையும் அவரிடமே கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் அந்தப் பொருள் அவ்வளவு அரிது.

இந்த விபத்துதான் அவசரத்தைக் கூட்டியது. தொழிலாளியின் உடம்பில் எவ்வளவு புளூட்டோனியம் தங்கியிருக்கிறது என்பதைச் சிறுநீரை வைத்துத்தான் கணக்கிட முடியும். அதற்கு உள்ளே இருப்பதில் எத்தனை பங்கு ஒரு நாளைக்கு வெளியேறுகிறது என்று தெரிய வேண்டும். எலிக்கு ஒரு கணக்கு, நாய்க்கு ஒரு கணக்கு என்று விலங்குகளில் விகிதம் மாறிக்கொண்டே இருந்தது. அளவு துல்லியமாகத் தெரிந்த புளூட்டோனியத்தை ஒரு மனித உடம்பில் செலுத்தி, பல நாள் சிறுநீரையும் மலத்தையும் சேகரித்துப் பார்ப்பதே வழி என்று, அணுகுண்டு செய்யும் ரகசியத் திட்டமான மன்ஹாட்டன் திட்டத்தின் மருத்துவப் பிரிவு முடிவெடுத்தது.

1945 ஏப்ரல் முதல் 1947 ஜூலை வரை 18 பேர். ரோசெஸ்டர் மருத்துவமனையில் 11, சிகாகோவில் 3, சான் பிரான்சிஸ்கோவில் 3, ஓக் ரிட்ஜில் ஒருவர். ‘புளூட்டோனியம்’ என்ற சொல்லே அப்போது ராணுவ ரகசியம். ஆவணங்களில் ‘சரக்கு’ என்றோ ‘49’ என்றோ எழுதினார்கள். சொல்லே ரகசியமாக இருக்கும்போது, நோயாளியிடம் எதைச் சொல்லி ஒப்புதல் வாங்கியிருக்க முடியும்? 18 பேரில் ஒருவரின் கோப்பில் மட்டும், எல்மர் ஆலனின் கோப்பில், ஊசியின் சோதனைத் தன்மையை விளக்கினோம், அவர் சம்மதித்தார் என்று ஒரு குறிப்பு இருக்கிறது. ஊசியில் என்ன இருந்தது என்று சொன்னார்களா என்பதற்கு அந்தக் குறிப்பில் பதில் இல்லை.

முதல் ஊசியைப் பெற்றவர் எப் கேட். அணுகுண்டுத் திட்டத்துக்காக எழும்பிய ஓக் ரிட்ஜ் நகரின் கட்டுமானப் பணியில் சிமெண்ட் கலக்கிய 53 வயதுக் கறுப்பினத் தொழிலாளி. 1945 மார்ச் 24 அன்று நடந்த கார் விபத்தில் கையும் காலும் முறிந்து மருத்துவமனைக்கு வந்தார். மற்றபடி ஆரோக்கியமானவர். ஏப்ரல் 10 அன்று 4.7 மைக்ரோகிராம் புளூட்டோனியத்தை அவர் உடம்பில் ஏற்றினார்கள். முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டியது அதற்குப் பிறகு, ஏப்ரல் 15 அன்று. கட்டும்போதே எலும்புத் துணுக்குகளையும் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள். பல் நோய் என்று சொல்லி 15 பற்களைப் பிடுங்கினார்கள். அவையும் ஆய்வகத்துக்குப் போயின. விபத்துக்கும் எலும்பு கட்டுவதற்கும் இடையில் மூன்று வாரம். நம் ஊர்ப் புத்தூர் கட்டுக்காரர்கூட இவ்வளவு நாள் காத்திருக்கச் சொல்லமாட்டார்.

பத்தாண்டுக்கு மேல் வாழ வாய்ப்பில்லாத நோயாளிகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம் என்பதுதான் பின்னாளில் சொல்லப்பட்ட சமாதானம். கணக்கு பொய்த்தது. சான் பிரான்சிஸ்கோவின் ‘கால்-1’, ஆல்பர்ட் ஸ்டீவன்ஸ் என்ற வீட்டுச் சாயக்காரர். அவருக்கு இரைப்பைப் புற்றுநோய் என்று நம்பி ஊசி போட்டார்கள். சில நாளில் அறுவை செய்து பார்த்தபோது அது வெறும் புண். அவர் 1966 வரை, 79 வயது வரை இருந்தார். ‘கால்-2’ நான்கு வயதுச் சிறுவன். எலும்புப் புற்றுநோய்க்கு வைத்தியம் கிடைக்கும் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து விமானத்தில் கூட்டி வந்திருந்தார்கள்.

இந்தச் சோதனைகளால் பலன் இல்லாமல் போகவில்லை. இவற்றிலிருந்து லாஸ் அலமாஸ் விஞ்ஞானி ரைட் லாங்ஹாம் வகுத்த கணக்குமுறைதான் பல பத்தாண்டுகள் அணு ஆலைத் தொழிலாளர்களின் பாதுகாப்புக்கு அடிப்படையாக இருந்தது. செலுத்திய புளூட்டோனியத்தால் இன்னார் இறந்தார் என்று திட்டமாகச் சொல்லவும் முடியவில்லை. இந்த இரண்டையும் அரசுத் தரப்பு பின்னாளில் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டியது. பிறர் உடம்பைக் கேட்காமல் எடுத்துக்கொண்டது தவறா என்ற கேள்விக்கு இவை இரண்டும் பதிலாகாது. ஆனால் இழப்பீட்டுக் கணக்கில் இவையே பெரிய எடையாக மாறின. அதற்குப் பிறகு வருகிறேன்.

பூட்டிய அலமாரியில் இருந்த விதி

போர்க்கால ரகசியம் என்ற வாதம் 1945 வரை ஓரளவு நிற்கும். போர் முடிந்தபின் என்ன நடந்தது என்பதுதான் இந்த விவகாரத்தின் நடுப்பகுதி.

போருக்குப் பின் அணு ஆய்வுகளைப் பொறுப்பேற்ற அரசு அமைப்பு அணுசக்தி ஆணையம். 1947 ஏப்ரல் 17 தேதியிட்ட அதன் குறிப்பு ஒன்று இருக்கிறது. மனிதர்கள்மீது நடந்த சோதனைகளைக் குறிப்பிடும் எந்த ஆவணமும், பொதுமக்கள் கருத்தைப் பாதிக்கக்கூடும் அல்லது வழக்குகளுக்கு வழிவகுக்கக்கூடும் என்றால், வெளியே போகக் கூடாது. ‘ரகசியம்’ என வகைப்படுத்த வேண்டும் என்கிறது அது. எதிரி நாடு பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பயம் நீதிமன்றத்தைப் பற்றியது. அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த யாருக்கும் இந்த மனநிலை புதிதாக இருக்காது, ஆனால் அதை இவ்வளவு வெளிப்படையாகத் தாளில் எழுதி வைத்தவர்கள் அபூர்வம்.

அதே மாதங்களில் ஜெர்மனியின் நியூரம்பர்கில் அமெரிக்க ராணுவ நீதிமன்றம் நாஜி மருத்துவர்களை விசாரித்துக்கொண்டிருந்தது. 1946 டிசம்பரில் தொடங்கிய விசாரணை அது. தீர்ப்பு 1947 ஆகஸ்டில் வந்தது; சோதனைக்கு உட்படுபவரின் தன்விருப்பமான ஒப்புதல் முற்றிலும் இன்றியமையாதது என்று தொடங்கும் பத்து விதிகள் அந்தத் தீர்ப்பில்தான் எழுதப்பட்டன. எல்மர் ஆலனுக்கு ஊசி போட்டது அதற்குச் சுமார் ஒரு மாதம் முன்னால்.

அந்தக் காலத்தில் யாருக்கும் ஒப்புதல் பற்றித் தெரியாது, இன்றைய அளவுகோலை அன்றைக்கு வைக்காதீர்கள் என்ற வாதம் இன்றும் எழுகிறது. ஆவணங்கள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. 1947இலேயே அணுசக்தி ஆணையத்தின் பொது மேலாளர் கரோல் வில்சன், நோயாளியின் ஒப்புதல் வேண்டும், சிகிச்சைப் பயன் இருக்கும் என்ற எதிர்பார்ப்பும் வேண்டும் என்று கடிதம் எழுதியிருக்கிறார். 1950இல் ஜோசப் ஹாமில்டன், சான் பிரான்சிஸ்கோ ஊசிகளுக்குப் பொறுப்பான அதே விஞ்ஞானி, ஆணையத்தின் மருத்துவத் தலைவர் ஷீல்ட்ஸ் வாரனுக்கு எழுதிய கடிதத்தில், இத்தகைய மனிதச் சோதனைகளில் புகன்வால்டு வாடை கொஞ்சம் அடிக்கிறது என்று விமர்சனம் வரலாம் என எச்சரித்தார். நாஜி வதைமுகாமின் பெயரை வாதத்துக்குள் கொண்டுவந்தவர், வெளியாள் எவரும் இல்லை. ஊசி போட்டவர்களில் ஒருவர்.

இதையெல்லாம் விட வினோதம் 1953இல் நடந்தது. பாதுகாப்பு அமைச்சர் சார்லஸ் வில்சன் பிப்ரவரி 26 அன்று நியூரம்பர்க் விதிகளை ராணுவத்துக்கும் பொருத்தி ஆணையிட்டார். ஒப்புதல் எழுத்தில் இருக்க வேண்டும், சாட்சி முன்னிலையில் கையெழுத்தாக வேண்டும். அருமையான ஆணை. அதன் தலையில் ‘அதி ரகசியம்’ என்று முத்திரை குத்தி உள்ளே வைத்துவிட்டார்கள். ரகசியத் தடை நீங்கியது 1975இல். யாரைக் காப்பாற்ற விதி எழுதப்பட்டதோ அவர்களுக்கு அப்படியொரு விதி இருப்பதே 22 ஆண்டுகள் தெரியாது. அதைக் கடைப்பிடிக்க வேண்டிய ஆய்வாளர்களில் பலருக்கும் தெரியாது.

இடைப்பட்ட காலத்தில் சோதனைகள் பெருகின. 1944க்கும் 1974க்கும் இடையில் அரசு ஆதரவோடு நடந்த மனிதக் கதிரியக்கச் சோதனைகள் சுமார் 4,000 என்று பின்னர் கணக்கெடுத்தார்கள். பெரும்பாலானவை மிகச் சிறிய அளவு ஐசோடோப்பைக் கொண்டு உடலியக்கத்தைப் பார்த்தவை. இன்றைய அணு மருத்துவத்தின் பாதி அதிலிருந்து வந்தது. எல்லாவற்றையும் ஒரே தராசில் போடுவது நியாயமாகாது. ஆனால் யாரை அழைத்துச் சோதித்தார்கள் என்று பார்த்தால் ஒரு சாயல் தெரியும்.

மாசசூசெட்ஸின் ஃபெர்னால்டு பள்ளி மனவளர்ச்சி குன்றியவர்களுக்கானது என்று பெயர். உண்மையில் பெற்றோர் கைவிட்ட, ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் பலரும் அங்கே அடைபட்டிருந்தார்கள். 1946 முதல் 1953 வரை அங்கிருந்த 74 சிறுவர்களுக்குக் கதிரியக்க இரும்பும் கால்சியமும் கலந்த ஓட்ஸ் கஞ்சியும் பாலும் கொடுத்து ஆராய்ந்தார்கள். நடத்தியது எம்.ஐ.டி.; உதவியது குவேக்கர் ஓட்ஸ் நிறுவனமும் அணுசக்தி ஆணையமும். ஓட்ஸில் இருக்கும் பைட்டேட் என்ற வேதிப்பொருள் இரும்புச் சத்தை உடம்பு உறிஞ்சவிடாமல் தடுக்கிறதா என்பதே கேள்வி. போட்டி நிறுவனத்தின் கோதுமைக் கஞ்சியோடு சந்தையில் மோதிக்கொண்டிருந்த நிறுவனத்துக்கு அந்தப் பதில் தேவைப்பட்டது. இன்று நம் வீடுகளில் சர்க்கரை நோயாளிக்குக் காய்ச்சும் அதே பெயர் ஓட்ஸ்தான்.

சேர்ந்த பிள்ளைகளுக்கு ‘அறிவியல் மன்றம்’ என்று பெயர் வைத்தார்கள். மன்றத்தில் சேர்ந்தால் பேஸ்பால் ஆட்டம் பார்க்கக் கூட்டிப்போவார்கள், கடற்கரைக்குக் கூட்டிப்போவார்கள், கூடுதலாகப் பால் கிடைக்கும். பெற்றோருக்குப் போன கடிதத்தில் சத்துணவு பற்றி இருந்தது, கதிரியக்கம் பற்றி இல்லை. அளவு குறைவு, தீங்கு நேர்ந்ததாகத் தெரியவில்லை என்று பின்னாளைய விசாரணைகள் சொல்லின. இருக்கட்டும். விடுதியைவிட்டு ஒரு நாள் வெளியே போவதற்காக எதையும் குடிக்கத் தயாராக இருந்த பிள்ளைகள் அவர்கள். அந்த ஏக்கத்தைத்தான் ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்கள்.

டென்னசியில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் இலவசப் பிரசவ மருத்துவமனைக்கு வந்த கர்ப்பிணிகள் 800க்கும் மேற்பட்டோருக்கு 1945-47இல் கதிரியக்க இரும்பு கலந்த பானத்தைக் கொடுத்தார்கள். சத்து டானிக் என்று நம்பியே பலர் குடித்தார்கள். 1960களில் மறு ஆய்வு செய்தபோது, அந்தத் தாய்மார்களின் குழந்தைகளில் சிலர் புற்றுநோயால் இறந்திருந்தது தெரிந்தது. குடிக்காதவர்களின் குழந்தைகளில் அப்படி இல்லை. ஓரிகன், வாஷிங்டன் மாநிலச் சிறைகளில் 131 கைதிகளின் விதைப்பைகளில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினார்கள். மாதம் ஐந்து டாலர், திசு எடுக்கும்போது கொஞ்சம் கூடுதல். புளூட்டோனியம் தயாரித்த ஹான்ஃபோர்டு ஆலையிலிருந்து 1949 டிசம்பரில் வேண்டுமென்றே சுமார் 8,000 கியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) கதிரியக்க அயோடினைக் காற்றில் விட்டார்கள். காற்று போன திசையில் இருந்த ஊர்களுக்குத் தகவல் கிடைத்தது 1986இல்.

இது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய வழக்கமும் இல்லை. 1969இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில், தெற்காசிய வம்சாவளியைச் சேர்ந்த சுமார் 21 பெண்களின் வீட்டுக்குக் கதிரியக்க இரும்பு கலந்த சப்பாத்திகளை அனுப்பிச் சாப்பிட வைத்தார்கள். பிறகு ஹார்வெல் அணு ஆய்வகத்துக்கு அழைத்துப்போய் உடம்பில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று அளந்தார்கள். ஆங்கிலம் சரியாக வராத பெண்கள் பலர். சிறு உபாதைகளுக்கு மருத்துவரிடம் போனவர்களுக்குச் சப்பாத்தி எதற்காக வந்தது என்பது 1995இல் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படம் வந்தபோதுதான் ஊருக்குத் தெரிந்தது. நாடாளுமன்றத்தில் விசாரணை கேட்டுக் குரல் எழுந்தது 2023இல்.

மன்னிப்பு வந்த வழி

1993இல்தான் எல்லாம் வெளிவந்தது என்று சொல்வது சரியில்லை. அணுசக்தி ஆணையம் 1974இலேயே புளூட்டோனிய ஊசிகளைப் பற்றி உள்விசாரணை நடத்தியது. அதற்குக் காரணமும் ஒரு மறைப்புதான். 1973இல், உயிரோடிருந்த எல்மர் ஆலன் போன்றவர்களை மருத்துவமனைக்கு வரவழைத்து மறுபடி சிறுநீர், மலம் சேகரித்தார்கள்; எதற்கு என்று சொல்லவில்லை. இறந்தவர்களின் உடல்களைத் தோண்டி எடுக்கக் குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டபோதும் உண்மைக் காரணத்தைச் சொல்லவில்லை. ஆக முதல் ஏமாற்றுக்கு கால் நூற்றாண்டு கழித்து, அதே ஆட்கள்மீது இரண்டாவது ஏமாற்று. 1986இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் எட்வர்ட் மார்க்கியின் துணைக்குழு 31 சோதனைகளையும் அவற்றுக்கு உள்ளான சுமார் 700 பேரையும் விவரித்து அறிக்கை வெளியிட்டது. ரேகன் நிர்வாகம் கண்டுகொள்ளவில்லை. அந்த அறிக்கைகளில் எண்கள் இருந்தன, பெயர்கள் இல்லை. ‘கால்-3’க்காக யாரும் அழமாட்டார்கள்.

வெல்சத்தின் தொடர் வெளியான மூன்று வாரத்தில், 1993 டிசம்பர் 7 அன்று, எரிசக்தித் துறை அமைச்சர் ஹேசல் ஓ’லியரி பத்திரிகையாளர்களை அழைத்தார். அதுவரை அறிவிக்காமல் நடத்திய 204 அணுகுண்டுச் சோதனைகளை ஒப்புக்கொண்டார். புளூட்டோனிய ஊசிகளைப் பற்றிக் கேட்டபோது தான் அதிர்ந்துபோனதாக மழுப்பாமல் சொன்னார். இழப்பீடு பற்றியும் அவராகவே பேசியது மற்ற துறைகளைக் கலங்கடித்தது. 1994 ஜனவரியில் அதிபர் கிளிண்டன், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக அறவியலாளர் ரூத் ஃபேடன் தலைமையில் 14 பேர் கொண்ட ஆலோசனைக் குழுவை அமைத்தார்.

குழு பதினெட்டு மாதத்துக்கு மேல் வேலை பார்த்து லட்சக்கணக்கான பக்கங்களைத் திறந்தது. இந்தக் கட்டுரையில் உள்ள பல தகவல்கள் பொதுவெளிக்கு வந்ததே அதனால்தான். 1995 அக்டோபர் 3 அன்று 900 பக்கங்களுக்கு மேற்பட்ட அறிக்கையைப் பெற்றுக்கொண்டு கிளிண்டன் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அன்றைக்குத்தான் அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் ஓ.ஜே. சிம்சன்மீதான கொலை வழக்கின் தீர்ப்பும் வந்தது. தொலைக்காட்சிகள் எதைக் காட்டிக்கொண்டிருந்தன என்று சொல்ல வேண்டியதில்லை.

பரிந்துரைகளில்தான் சிக்கல். குழு தவறுகளைத் தரம் பிரித்தது. வெட்கக்கேடு வரும், வழக்கு வரும் என்று அஞ்சி அரசு வேண்டுமென்றே மறைத்த சோதனைகளுக்கு இழப்பீடு. சிகிச்சைப் பயன் இல்லாத சோதனையால் உடல் தீங்கு நேர்ந்திருந்தால் இழப்பீடு. ஒப்புதல் வாங்கவில்லை, ஆனால் தீங்கு நேர்ந்ததாகக் காட்ட முடியவில்லை என்றால் மன்னிப்பு மட்டும். கேட்கும்போது நேர்மையாகத்தான் ஒலிக்கிறது. நடைமுறையில் ஃபெர்னால்டு சிறுவர்கள் மூன்றாவது கூடையில் விழுந்தார்கள். சோதனைக்கு உள்ளான மற்றவர்களைத் தேடிக் கண்டுபிடித்துத் தகவல் சொல்லும் பெரிய ஏற்பாடும் வேண்டாம் என்று குழு கருதியது; மருத்துவ ரீதியாகப் பலன் இருக்காதாம். ஐம்பது வயதில் ஒருவர், தன் சிறுவயதுக் கஞ்சியில் என்ன இருந்தது என்று அறிந்துகொள்வதை மருத்துவப் பலனை வைத்து அளக்க முடியுமா? எனக்கு இந்த இடத்தில் குழுவோடு ஒத்துப்போக முடியவில்லை.

முதல் வகைக்கு ஆதாரம் வேண்டும்: வெட்கத்துக்கு அஞ்சி மறைத்தோம் என்று அரசே எழுதி வைத்த தாள். புளூட்டோனியத்துக்கு அது கிடைத்தது. வேறு பலவற்றுக்குப் பெயர்ப்பட்டியல்கூட மிஞ்சவில்லை. அணுக்கதிருக்கு உள்ளான ராணுவ வீரர்கள் பின்னாளில் கேட்கக்கூடிய இழப்பீட்டை எதிர்பார்த்து, 1947இலேயே முன்னாள் படைவீரர் நிர்வாகத்துக்குள் ஒரு ரகசிய அணு மருத்துவப் பிரிவு தொடங்கப்பட்டதற்குக் குழுவிடம் தடயம் இருந்தது. அதன் ரகசியக் கோப்புகள் கிடைக்கவில்லை. நன்றாக மறைத்தவன் தப்பித்தான், அரைகுறையாக மறைத்தவன் மாட்டிக்கொண்டான்.

1996 நவம்பரில் அரசு 12 பேருக்காக மொத்தம் 48 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது, ஆளுக்கு 4 லட்சம். புளூட்டோனியமோ யுரேனியமோ செலுத்தப்பட்டவர்கள் அவர்கள். அப்போது உயிரோடிருந்தவர் ஒரே ஒருவர். மற்றப் பணமெல்லாம் வழக்குப் போட்டு வாங்கியது, அதுவும் பெரும்பாலும் நிறுவனங்களிடமிருந்து: 1998இல் எம்.ஐ.டி.யும் குவேக்கரும் 18.5 லட்சம் டாலர், வாண்டர்பில்ட் 1 கோடியே 3 லட்சம் டாலர்.

நேரே அரசின்மீது வழக்குப் போட்டவர்கள் சுவரில் மோதினார்கள். அமெரிக்க அரசைத் தன் அனுமதியில்லாமல் யாரும் வழக்குக்கு இழுக்க முடியாது. 1946இல் வந்த சட்டம் கொஞ்சம் கதவைத் திறந்தது. ஆனால் அதிகாரிகள் தங்கள் விருப்புரிமைப்படி எடுத்த கொள்கை முடிவுகளுக்கு அது பொருந்தாது. 1950இல் ஃபெரஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பணியில் நேர்ந்த காயத்துக்காக ராணுவ வீரர் அரசின்மீது வழக்குப் போட முடியாது என்று முடித்துவிட்டது. போதாததற்கு இரண்டாண்டுக் காலவரம்பு வேறு. அரசே ஐம்பது ஆண்டு மறைத்த விஷயத்துக்குக் காலவரம்பு என்று அரசே வாதாடுவது எந்த ஊர் நியாயம் என்று தெரியவில்லை.

இந்தச் சுவரில் ஓட்டை போட்டது ஒரே ஒரு முக்கியமான தீர்ப்பு. சின்சினாட்டியில் 1960 முதல் 1971 வரை, பெரும்பாலும் ஏழைகளும் கறுப்பினத்தவர்களுமான சுமார் 90 புற்றுநோயாளிகளின் உடல் முழுவதும் கதிர்வீச்சைச் செலுத்தினார் மருத்துவர் யூஜின் சேங்கர். பணம் பாதுகாப்புத் துறையுடையது. அணு யுத்தத்தில் கதிர்வீச்சு பட்ட சிப்பாய் எவ்வளவு நேரம் செயல்படுவான் என்று அதற்குத் தெரிய வேண்டும். நோயாளிகளுக்குச் சொன்னது, புற்றுநோய்க்குச் சிகிச்சை என்று. வாந்தி வரும் என்று முன்கூட்டியே சொல்வதையும் தவிர்த்தார்கள். சொன்னால் அதனாலேயே வந்து கணக்கு கெட்டுவிடுமாம். 1995 ஜனவரியில் நீதிபதி சாண்ட்ரா பெக்வித், தங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்ற மருத்துவர்களின் வாதத்தை ஏற்கவில்லை. நியூரம்பர்க் விதிகள் வந்தபின், இது உரிமை மீறல் என்று தெரியாது என நியாயமான எந்த அரசு ஊழியரும் சொல்ல முடியாது என்ற போக்கில் அமைந்தது அவர் காரணம். வழக்கு 1999இல் சமரசத்தில் முடிந்தது. சுமார் 54 லட்சம் டாலரும், இறந்தவர்களின் நினைவாக மருத்துவமனையில் ஒரு பெயர்ப்பலகையும்.

குற்ற வழக்கு என்று ஒன்று எவர்மீதும் தொடுக்கப்படவில்லை. ஹாமில்டன் 1957இலேயே ரத்தப் புற்றுநோயால் இறந்துவிட்டார். லாங்ஹாம் 1972இல் போனார். குழுவும் தனிமனிதர்களைக் குற்றம்சாட்டுவதைத் தவிர்த்தது.

தாள் கேட்கும் சட்டம்

சோதனை என்ற பெயரில் வராமல், ஆனால் அதைவிடப் பெரிய எண்ணிக்கையில் பாதிக்கப்பட்டவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது: 1990இல் வந்த கதிர்வீச்சு இழப்பீட்டுச் சட்டம். நெவாடா குண்டுச் சோதனைகளின் காற்றுப் போக்கில் வாழ்ந்தவர்களுக்கு 50,000 டாலர், யுரேனியச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு 1 லட்சம். அதன் முகப்பிலேயே நாட்டின் சார்பில் காங்கிரஸ் மன்னிப்புக் கேட்கிறது.

சுரங்கத் தொழிலாளர்களின் கதையை இங்கே சொல்லாமல் தாண்ட முடியாது. பலர் நவஹோ பழங்குடியினர். 1950 முதல் அரசின் பொதுச் சுகாதாரத் துறை அவர்களைப் பரிசோதித்துக்கொண்டே வந்தது. யுரேனியச் சுரங்கத்தில் கசியும் கதிரியக்க ரேடான் வாயு நுரையீரலைக் கெடுக்கும் என்பது ஐரோப்பியச் சுரங்கங்களிலிருந்தே தெரிந்த விஷயம். காற்றோட்டம் அமைத்தாலே ஆபத்து பெருமளவு குறையும். சுரங்க முதலாளிகள் உள்ளே விட வேண்டும் என்பதற்காக, தொழிலாளர்களிடம் ஆபத்தைச் சொல்வதில்லை என்ற ஏற்பாட்டோடு ஆய்வு நடந்தது. ஊசி கிடையாது, கஞ்சி கிடையாது, சாவதை எண்ணிக்கொண்டிருந்தார்கள். 1980களில் அவர்கள் போட்ட வழக்கை, கொள்கை முடிவில் தலையிட முடியாது என்று சொல்லி நீதிமன்றம் தள்ளியது. அந்த நீதிபதியே இந்த மக்களுக்குக் காங்கிரஸ்தான் வழி செய்ய வேண்டும் என்று எழுதினார். 1990 சட்டத்துக்கு அதுவும் ஒரு தூண்டுதல்.

சட்டம் வந்தபின் நவஹோ விதவைகள் மனுப் போட்டார்கள். திருமணச் சான்றிதழ் கேட்டார்கள். குல வழக்கப்படி, பாடல் பாடிச் சோளக்கூழைப் பகிர்ந்து நடந்த திருமணத்துக்குச் சான்றிதழ் ஏது? சுரங்கத்தில் வேலை பார்த்ததற்குச் சம்பளச் சீட்டு கேட்டார்கள். மூடிப்போன சுரங்கத்தின் முதலாளி எங்கே என்றே தெரியாது. 2000இல் விதிகளைக் கொஞ்சம் தளர்த்தினார்கள்.

2024 ஜூனில் சட்டம் காலாவதியாகியது. 2025 ஜூலையில், வரி, செலவு பற்றிய பெரிய மசோதா ஒன்றோடு சேர்த்து அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். காற்றுப் போக்கில் வாழ்ந்தவர்களுக்கான தொகை 1 லட்சமாக உயர்ந்தது. அந்த வகையில் இத்தனை காலம் சட்டத்துக்கு வெளியே நின்ற நியூ மெக்சிகோ மக்களும் முதல்முறையாக உள்ளே வந்தார்கள். உலகின் முதல் அணுகுண்டு 1945 ஜூலை 16 அன்று வெடித்தது அவர்கள் மண்ணில்தான். வெடிமருந்துக் கிடங்கில் விபத்து என்று அன்றைக்கு ராணுவம் அவர்களிடம் பொய் சொல்லியிருந்தது. எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு மனுவை நிரப்ப உட்காரும் குடும்பங்கள், தாத்தாவும் பாட்டியும் அந்தக் காலத்தில் அந்த வட்டாரத்தில் ஓராண்டாவது குடியிருந்ததைக் காட்டும் ஆவணத்தையும், எந்தப் புற்றுநோயால் இறந்தார்கள் என்று சொல்லும் மருத்துவப் பதிவையும் தேடிக்கொண்டிருக்கின்றன. தேவாலயப் பதிவேடுகள், பள்ளி மதிப்பெண் அட்டைகள், பழைய நிலவரி ரசீதுகள். மனு கொடுக்கக் கடைசி நாள் 2027 டிசம்பர் 31.